மணிக்கு ஐம்பதில் ஒரு மாப்பிள்ளை

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு விஞ்ஞான ஆராய்ச்சிதான் செய்திருக்கிறேன். அதன் முடிவில் என் சொந்த அண்ணன், பட்டு வேட்டியும் மாலையுமாக, வாழைத்தார் லாரியில் ஏறித் தாலி கட்டப் போனான். ஆராய்ச்சியை அத்தோடு நிறுத்திக்கொண்டேன். (நிறுத்த வைத்தார்கள் என்பதுதான் சரி.)

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு வடுகபட்டியில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். தேடினேன் என்றால், வேலை என்னைத் தேடி வரும்போது நான் வீட்டில் இல்லாமல் போய்விடக் கூடாதே என்று எங்கும் போகாமல் இருந்தேன். அந்தச் சமயத்தில் பூண்டு மண்டி வைத்திருந்த என் தாய்மாமா புதிதாக ஒரு டீசல் எஸ்யூவி வாங்கினார். ஏழு பேர் உட்காரலாம். தலைக்கு மேலே சாமான் கட்ட ஒரு பெரிய கேரியர். மாமாவுக்கு வண்டி வாங்கத் தெரியுமே தவிர ஓட்டத் தெரியாது. சொந்தத்தில் லைசென்ஸ் வைத்திருந்த ஒரே வெட்டி ஆள் நான்தான். டிரைவர் பதவி தானாக வந்து சேர்ந்தது.

வண்டி வந்த நாளிலிருந்து மண்டியில் தினமும் ஒரே சண்டை. "லிட்டருக்குப் பதினஞ்சு கொடுக்குது" என்று மாமா சொல்வார். "ஒம்பது கொடுத்தாலே பெருசுண்ணே. நீங்க வாங்கிருக்கறது யானை" என்பார் பக்கத்துக் கடைக்காரர். ஒரு நாள் நான் நடுவில் புகுந்து, "எந்த வேகத்துல?" என்று கேட்டேன்.

மண்டியே கப்பென்று அமைதியாகிவிட்டது. அதுவரை அந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை. கிடைத்த அமைதியில் நான் விளக்கினேன். ஐம்பதில் போனால் வண்டி காற்றைத் தடவிக்கொண்டு போகும், நூறில் போனால் காற்றோடு மல்லுக்கட்டும், மல்லுக்கட்டும் செலவு முழுக்க டீசலில் போகும். ஆகவே பதினைந்தும் உண்மை, ஒன்பதும் உண்மை. மாமா என்னைப் பார்த்த பார்வையில் அன்றுதான் முதன்முதலாக மரியாதை இருந்தது. அது எனக்குத் தலைக்கேறியது.

மறுநாளே ஒரு கிராஃப் நோட்டு வாங்கினேன். மாமாவை மதுரைக்குக் கொண்டுபோய் விடும்போது அறுபது, பூண்டு மூட்டையோடு ஆண்டிபட்டி போகும்போது எண்பது, யாரும் இல்லாதபோது நூறு என்று ஒவ்வொரு வேகத்துக்கும் ஒரு புள்ளி வைத்தேன். ஆள் இல்லாமல் ஐம்பதில் பதினாறு. எண்பதில் பன்னிரண்டு. நூறில் ஒன்பதரை. புள்ளிகளைச் சேர்த்தால் மலையிலிருந்து இறங்கும் பாதை மாதிரி அழகான வளைவு. இன்னும் ஒரே ஒரு புள்ளிதான் பாக்கி: ஆட்களையும் சாமான்களையும் முழுசாக ஏற்றிக்கொண்டு சீராக ஐம்பதில் போனால் எவ்வளவு?

அதற்குத்தான் கடவுள் என் அண்ணனுக்குக் கல்யாணத்தை ஏற்பாடு செய்தார் என்று நான் நம்பினேன்.

பெண் வீடு கம்பம். மண்டபமும் அங்கேதான். முகூர்த்தம் காலை ஒன்பதிலிருந்து பத்து. சொந்தக்காரர்கள் எல்லாரும் பஸ் பிடித்து முன்னால் போய்விட்டார்கள். குலசாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் மாப்பிள்ளை புறப்பட வேண்டும் என்பதால் அண்ணன், மாமா, அத்தை, அண்ணனின் கூட்டாளிகள் இரண்டு பேர், இவர்களை ஏற்றிக்கொண்டு கடைசியாகக் கிளம்பும் பொறுப்பு எனக்கு. கேரியர் மேல் இரண்டு அண்டா, இரண்டு குத்துவிளக்கு, ஒரு அரிசி மூட்டை. அத்தை மடியில் இருந்த கைப்பைக்குள் தாலி.

இங்கே என் ஆராய்ச்சி முறையைச் சொல்லியாக வேண்டும். டேங்க்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, எவ்வளவு பிடித்தது என்று பார்ப்பது ஊர் வழக்கம். அது எனக்குத் துல்லியம் போதாததாகத் தெரிந்தது. அதனால் முந்தைய நாளே டேங்க்கைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டு, கேனில் அளந்து அஞ்சே அஞ்சு லிட்டர் ஊற்றினேன். கம்பம் ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். என் வளைவின்படி அஞ்சு லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் போகும். போய், மிச்சத்தை அளந்து, புள்ளி வைத்துவிடலாம். கல்யாணம் பக்கத்தில் அது பாட்டுக்கு நடக்கும்.

ஒரே ஒரு இடைஞ்சல். டீசல் குறைவு என்று காட்டும் ஆரஞ்சு விளக்கு, சாவியைத் திருகியதுமே எரிந்தது. மாமா பார்த்தால் காரியம் கெட்டுவிடும். அத்தையின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து அதன் மேல் ஒட்டிவிட்டேன். மாமா வந்து உட்கார்ந்தவுடன் அதைக் கவனித்தார்.

"வண்டிக்குப் பொட்டெல்லாம் வச்சிருக்கான் பாரு. பயலுக்கு இப்பத்தான் பொறுப்பு வந்திருக்கு" என்று அத்தையிடம் நெகிழ்ந்து சொன்னார்.

ஏழு ஐம்பதுக்குக் கிளம்பினோம். முள் ஐம்பதைத் தொட்டதும் என் கால் கல்லாகிவிட்டது. காற்று புகுந்தால் அளவு கெடும் என்று எல்லாக் கண்ணாடியையும் ஏற்றச் சொன்னேன். ஏசியும் போடவில்லை.

"பாண்டி, எனக்கு வேர்க்குதுடா" என்றான் அண்ணன். அதிர்ந்து பேசாத மனிதன். சின்ன வயதில் நான் அவன் சைக்கிளைக் கிணற்றில் விட்டபோதுகூட, "சரி, விடு" என்றுதான் சொன்னான்.

"கொஞ்சம் பொறுண்ணே. ஏசி போட்டா ரீடிங் கெட்டுப்போகும்."

"என்ன ரீடிங்?"

"கல்யாணம் முடிஞ்சு சொல்றேன்."

அண்ணன் நெற்றியிலிருந்த சந்தனம் உருகி மூக்குவரை வந்து, அங்கே நின்று யோசித்தது. அத்தை முகத்தில் பூசியிருந்த பவுடர் பாத்தி பாத்தியாகப் பிரிந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை முந்திப் போனது. (மிகைப்படுத்திவிட்டேன். ஹாரன் அடிக்கவில்லை.)

தேனியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. நான் பெருமையோடு எஞ்சினை அணைத்தேன். அரை மணி நேரம் கழித்து, உள்ளே இருந்த ஆட்களைவிட ஜன்னலில் எட்டிப் பார்த்த ஆடுகள் அதிகமோ என்று தோன்றிய ஒரு ரயில் ஆடி அசைந்து போனது. அதற்குள் மாமாவின் செல்போன் அடித்தது. பெண்ணின் அப்பா.

"எங்கன வர்றீக சம்பந்தி?"

"வீரபாண்டி தாண்டிட்டோம் சம்பந்தி!" என்றார் மாமா, கேட்டைப் பார்த்துக்கொண்டே.

உண்மையிலேயே வீரபாண்டி தாண்டும்போது மணி எட்டு ஐம்பத்தைந்து. மாமா முதலில் மணியைப் பார்த்தார். பிறகு ஸ்பீடோமீட்டரைப் பார்த்தார்.

"ஏலே, ரோடு காலியாத்தானே கிடக்கு? ஏன்டா உருட்டிக்கிட்டு வர்ற?"

"ஐம்பதுதான் மாமா உத்தமம். நூறுல போனா ஒம்பதரைதான் கொடுக்கும்."

"முகூர்த்தம் எத்தனைக்குடா?"

"ஒம்பதுக்கு."

"அப்ப மிதிடா!"

நான் மிதிக்கவில்லை. மாமா என் பக்கம் சாய்ந்து, என் வலது முட்டியை இரண்டு கையாலும் பிடித்து, பூண்டு மூட்டையை அமுக்குவது போல ஒரு அமுக்கு அமுக்கினார். முள் அறுபது, எண்பது, நூறு என்று போனது. கேரியரில் இருந்த அண்டாக்கள் காற்றில் "ஊ" என்று பாட ஆரம்பித்தன. ஒவ்வொரு ஊராகப் பின்னால் ஓடியது. சின்னமனூர் போனதே தெரியவில்லை. என் கண்ணுக்கு ரோடே தெரியவில்லை, என் வளைவுதான் தெரிந்தது. அதன் வலது ஓரத்தில், ஒன்பதரைக்கும் கீழே, எங்கேயோ பள்ளத்தில் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம்.

உத்தமபாளையம் தாண்டி ஒரு கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது. வண்டி விக்கியது. இரண்டு முறை குலுங்கியது. பெருமூச்சு விட்டது. நின்றுவிட்டது.

"என்னலே ஆச்சு?"

"தெரியல மாமா." (தெரியும்.)

பின் சீட்டிலிருந்து முன்னால் எட்டிப் பார்த்த அத்தை, "இது என் பொட்டுல்ல?" என்று அதை உரித்து எடுத்தார். "ஏங்க, பொட்டுக்கு அடியில இன்னொரு பொட்டு எரியுது பாருங்க."

மாமா என் பக்கம் திரும்பினார். நான் உண்மையைச் சொன்னேன். "அஞ்சு லிட்டர்தான் மாமா ஊத்துனேன். அளந்து ஊத்துனேன்."

"அளந்தா?" என்றார் மாமா. அந்த ஒரு வார்த்தையை அவ்வளவு மெதுவாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "ஐம்பதுலயே வந்திருந்தா மண்டபம் போயிருக்கலாம் மாமா. நீங்கதான் முட்டியை அமுக்கினீக" என்றேன். கணக்குப்படி அது சரி. பிற்பாடு பல தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், சரிதான். சரியான விடையைச் சொன்னதற்காகச் செருப்பைக் கழற்றிய முதல் ஆள் என் மாமாதான். அத்தை குறுக்கே பாய்ந்து என்னைக் காப்பாற்றினார்.

"இவனை அப்புறம் அடிக்கலாம். முதல்ல தாலி போகணும்!"

அந்த நேரத்தில் பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. சின்னமனூரில் பச்சை வாழைத்தார் ஏற்றிக்கொண்டு குமுளிக்குப் போகிற லாரி. டிரைவர் மலையாளி. எட்டிப் பார்த்தவர், மாலையோடு நின்ற அண்ணனைக் கண்டு, "எந்தா சாரே, கல்யாணச் செறுக்கனா வழியில நிக்கறது?" என்று பதறி இறங்கினார். விஷயம் தெரிந்ததும் தன் கேனிலிருந்த டீசலை எங்கள் டேங்க்கில் ஊற்றினார். நான் உற்சாகமாகச் சாவியைத் திருகினேன். கிர்ர்ர் என்றது. மறுபடி கிர்ர்ர். விடாமல் திருகினேன்.

"வேண்டா சாரே. டீசல் வண்டியில்லே? காலியானா பைப்புல காத்து கேறிப்போகும். காத்தை எடுத்தாத்தான் ஓடும்" என்றார் அவர். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் பேட்டரியையும் தீர்த்திருந்தேன்.

மணி ஒன்பது முப்பத்தைந்து. மாமாவுக்கு முட்டி வலி, அத்தைக்கு உயரம் ஏற முடியாது. இரண்டு பேரும் தாலியோடு லாரியின் முன்பக்கம் ஏறினார்கள். அண்ணன் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூட்டாளிகள் கைகொடுக்க, வாழைத்தார் மேல் ஏறிவிட்டான். லாரி கிளம்பியது. பச்சைத் தார்களுக்கு நடுவில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாலை பறக்க நின்றவன், என்னைப் பார்த்து முதன்முறையாகச் சத்தம் போட்டான்.

"ஏலே பாண்டி! இங்கன காத்து நல்லா வருதுலே!"

அதன் பிறகு மண்டபத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை, ஊரே சொல்லித்தான் தெரியும். லாரி வாசலில் நின்றதும் நாதஸ்வரக்காரருக்கு ஊதுவதா வேண்டாமா என்று குழப்பம். சமையல்காரர் ஓடி வந்து, "காயைப் பின்னாடி இறக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டு, தாருக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளை எழுந்ததும் கும்பிட்டுவிட்டாராம். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தாலி ஏறியது. வாழைக்கறை எந்தச் சோப்புக்கும் போகாது. கல்யாண ஆல்பத்தில் அண்ணனின் பட்டு வேட்டியில் கருப்பாக ஒரு கேரள வரைபடம் இருக்கும்.

நான் தனியாக வண்டிக்குக் காவல் நின்றேன். உத்தமபாளையத்திலிருந்து சைக்கிளில் ஒரு மெக்கானிக் வந்தார். ஒரே ஒரு ஸ்பேனரால் ஒரு நட்டைத் தளர்த்தி, சின்னப் பம்ப்பைக் கட்டை விரலால் அமுக்கினார். நுரை வந்தது, அப்புறம் டீசல் வந்தது. வழியில் போன ஆறு பேரைப் பிடித்துத் தள்ளச் சொன்னார். வண்டி கிளம்பியது. மண்டபத்துக்குப் போனபோது மூன்றாவது பந்தி ஓடிக்கொண்டிருந்தது.

கல்யாணக் கோலத்தில் நின்ற மதினியிடம் யாரோ என்னைக் காட்டி, "இவுகதான் உங்க கொழுந்தன்" என்றார்கள். மதினி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான்: "லாரி எத்தனை கொடுக்குமாம்? கேட்டீகளா?"

மாமா சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஒரே மாதத்தில் தானே ஓட்டக் கற்றுக்கொண்டார். எல்லா ஊருக்கும் இரண்டாவது கியரிலேயே போனதில் லிட்டருக்கு ஏழுதான் வந்தது. பக்கத்துக் கடைக்காரர் அவரைத் தேற்ற வேண்டியதாயிற்று. நானும் ஒரு வழியாக வேலைக்குப் போனேன். மின்வாரியத்தில் கணக்கெடுக்கும் வேலை. மீட்டரில் உள்ளதை எழுதினால் போதும், சொந்தமாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இருபது வருடம் ஆகிவிட்டது. அண்ணன் இன்னமும் அதிர்ந்து பேசுவதில்லை. எதையும் நிதானமாக, ஒன்றுக்கு இரண்டு முறை யோசித்துத்தான் செய்வான். எந்தச் சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் யாராவது மதினியிடம், "வீட்டுக்காரர் எப்படி இருக்காக?" என்று விசாரிப்பார்கள்.

"அவுகளுக்கென்ன, அம்பதுலயே போயிக்கிட்டிருக்காக" என்பார் மதினி.

பந்தி முழுக்கச் சிரித்துவிட்டு, ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பும். அந்த நேரத்தில் இலையில் வெறும் உப்பு மட்டும் இருந்தால்கூட, அதை நான் மிகுந்த அக்கறையோடு கவனித்துக்கொண்டிருப்பேன்.