வண்ணத்துப்பூச்சி வைத்தியம்

யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் பனிச்சங்கேணிக்குப் பலதும் வந்தன. வங்கி வந்தது, ஐஸ்கிரீம் வான் வந்தது, லேசர் சித்தரும் வந்தார்.

சித்தரின் சொந்தப் பெயர் வினாயகமூர்த்தி. சுனாமிக்குப் பிறகு கடலைக் கட்டிப்போடும் நூல் விற்றவர். கடல் மறுபடி வராததால் பெயரெடுத்தவர். இப்போது கையில் ஒரு சிவப்பு ஒளி. சீனி வருத்தக்காரரின், அதாவது நீரிழிவுக்காரரின், கால் புண்ணில் அடித்தால் ஆறிவிடுமாம். சின்னப் புண்ணுக்கு, ஒளி நட்சத்திரமாய் விழும் மூடி போட்டு அடிப்பார், பெரிய புண்ணுக்கு வண்ணத்துப்பூச்சி மூடி. விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது!

வாவியில் வலை வீசும் யோகராசாவும் போனார். அவருடைய பெருவிரல் கறுத்துக்கொண்டிருந்தது. ஒழுங்காக வந்து மருந்து கட்டாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அவர் கிளினிக்கையே விட்டுவிட்டார். சித்தர் ஒளியை அடித்து, வலி போய்விட்டதா என்று கேட்பார். எல்லாரும் ஓம் என்பார்கள். சீனியால் மரத்துப்போன அந்தக் கால்களில் வலி எப்போது இருந்தது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

யோசித்தவள் யோகராசாவின் மனைவி கேதீஸ்வரி. பயமும் கோபமுமாகப் பின்னாலேயே வந்து, புருசனின் கண்ணைத் துவாயால் கட்டினாள். சித்தர் ஒளியை அடித்தார்.

"சுடுதா?" என்று கேட்டாள்.

"ஓம், இதமாச் சுடுது."

அந்தக் கருவியைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்றாள். சித்தரும் பூரித்துப்போய்க் கொடுத்தார். வாங்கி ஒளியை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இப்ப?"

"இப்ப இன்னும் கூட. எலும்புக்குள்ள இறங்குது புள்ள."

கூட்டம் சிரித்தது. அடுத்ததாக அவள் அவருடைய குதிக்காலை நன்றாகக் கிள்ளினாள்.

"மறுகா, இது?"

"எது?"

வெளிநாட்டில் லேசரால் புண் ஆற்றுகிறார்களே என்று சித்தர் வாதாடினார். ஆற்றப் பார்க்கிறார்கள்தான். டொக்டர் புண்ணைக் கழுவி, சீனியை அளந்து, அதற்கென்றே செய்த கருவியால். வண்ணத்துப்பூச்சியால் அல்ல.

வரிசையின் கடைசியில், தன் புண்ணோடு நின்ற ஓட்டமாவடிக் கடைக்காரர் அப்துல் கபூர் அந்தச் சாமானை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இது என்ட கடையில விக்கிறதுகா. பூனைக்கு அடிச்சி விளையாடுறது."

தன் கடைப் பொருளுக்கே வரிசையில் நின்ற மனிதர்! அந்தச் சிரிப்புக்குள் சித்தர் நழுவி வாழைச்சேனை பஸ்ஸில் ஏறிவிட்டார். கிளினிக்குக்குத் திரும்பிய யோகராசாவுக்கு விரல் போனது, கால் தப்பியது. மற்றவர்களோ, தேற்றாத்தீவில் நீல வெளிச்சம் அடிக்கிறார்களாமே என்று விசாரிக்கிறார்கள்.

யோகராசாவின் காலைக் கிள்ளிப் பார்க்கக் கேதீஸ்வரி இருந்தாள். ஐயா, அம்மா, உங்கள் மூளையை நீங்கள்தான் கிள்ளிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.