சார்ஜர் அக்காவின் சிவப்புக் கயிறு

மலாக்கா மாநிலத்தில் சார்ஜர் அக்காவுக்குத் தெரியாமல் எந்த பேட்டரியும் ஒரு கோடு குறைந்ததாகச் சரித்திரம் இல்லை. அவர் உள்ளே நுழைந்தால் சுவரில் மாட்டிய கடிகாரம்கூட கொஞ்சம் பயத்தோடுதான் ஓடும்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் அது அச்சாகியும் இருக்கும். நாங்கள் யாரும் பார்த்ததில்லை. புக்கிட் பெருவாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் ஆபீசில், பாஸ் உட்பட எல்லாருக்கும் அவர் சார்ஜர் அக்காதான். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். தங்கா பத்து என்ற ஊரிலிருந்து தினமும் பஸ் மாறி வருவார்.

நிலத்தைச் சுற்றி நடந்து வரைபடம் எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். பாமாயில் எடுக்கும் செம்பனை போட்டவர்கள் நிலத்தின் எல்லையைக் காட்டினால்தான் ஆலையில் குலையை வாங்குவார்கள் என்று ஆன பிறகு எங்களுக்கு நல்ல ஓட்டம். கையில் ஜிபிஎஸ் கருவியைப் பிடித்துக்கொண்டு எல்லையோரமாக நடந்தால் போதும். போன பாதையை அது தானாகவே கோடாகப் பதிந்துகொள்ளும். அப்படிப்பட்ட கருவிகள் ஏழு எங்களிடம் இருந்தன. ஏழும் கிழடு. அந்த ஏழுக்கும் தாயாகவும் வைத்தியராகவும் இருந்தவர் ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட சார்ஜர் அக்கா.

காலையில் கருவி வாங்கப் போனால் உடனே கொடுத்துவிட மாட்டார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். "இவனுக்கு மூணு கோடுதான் இருக்கு. அரை மணி நேரம் கழிச்சு வா" என்பார். திரையைப் பார்த்தால் சரியாக மூன்று கோடு இருக்கும். நான்கு கோடு நிறையாமல் ஒரு கருவியும் ஸ்டோர் வாசலைத் தாண்டியது கிடையாது. ஒரு நாள் பாஸே அவசரமாகக் கேட்டுப் பார்த்தார். பாஸும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஏழில் ஒன்றுக்கு 'சண்டி' என்று பெயர். அதன் சார்ஜ் ஓட்டை தேய்ந்துபோயிருந்ததால் கேபிளைக் குத்தினால் நிற்காது. அக்கா ஒரு பழைய மைலோ டின்னில் கூழாங்கல்லை நிரப்பி, கேபிளை ஒரு பக்கமாக வளைத்து, அதன்மேல் டின்னை ஏற்றி வைப்பார். டின் ஒரு விரல் நகர்ந்தாலும் சண்டி சாப்பிட மாட்டான். பக்கத்தில் யாரும் தும்மக்கூடாது என்று வாய்மொழி உத்தரவு வேறு இருந்தது.

ஒருமுறை கட்டடத்தில் கரண்ட் போய்விட்டது. நாங்கள் எல்லாம் காற்று வாங்க வெளியே போனோம். அக்கா ஏழு கருவிகளையும் ஒரு துணிக்கூடையில் அடுக்கிக்கொண்டு எதிர்வரிசையில் கரண்ட் இருந்த பழச்சாறுக் கடைக்குப் போனார். கடைக்காரரின் பிளெண்டரைப் பிடுங்கிவிட்டுத் தன் பிள்ளைகளைச் சொருகினார். இரண்டு மணி நேரம் அந்தத் தெருவில் யாருக்கும் ஆரஞ்சு ஜூஸ் கிடைக்கவில்லை. கடைக்காரர் ஏன் சும்மா இருந்தார் என்று பிறகு கேட்டேன். அவர் போனையும் அக்கா சேர்த்துச் சார்ஜ் போட்டுக் கொடுத்திருந்தாராம்.

கருவிகளின் உள்பேட்டரி இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதனால் நடக்கும்போது சட்டைப்பையில் பவர்பேங்க், அதிலிருந்து கருவிக்கு ஒரு கேபிள் என்றுதான் எங்களை அனுப்புவார். ஜாசின் பக்கத் தோட்டம் ஒன்றில் இந்தக் கோலத்தில் என்னைப் பார்த்த ஒரு பெரியவர், "இந்த வயசுலயே சுகராப்பா?" என்று, அதை இன்சுலின் ஏற்றும் கருவியாக நினைத்துப் பரிதாபப்பட்டு, இனிப்பில்லாத காப்பி போட்டுக் கொடுத்தார். மறுக்க மனம் வராமல் குடித்துவிட்டு வந்தேன்.

ஸ்டோர் கேபிள் ஒவ்வொன்றிலும் அக்கா ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருப்பார். கோயிலில் கையில் கட்டிக்கொள்வோமே, அதே கயிறு. நிலத்தில் நடக்கும்போது கயிறு இல்லாத கேபிளைக் கருவியில் குத்தக்கூடாது என்பது சட்டம். "ஏங்க்கா, சாமி வந்து சார்ஜ் ஏத்துமா?" என்று கேட்டுச் சிரிப்போம். அவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அவர் விளக்கம் சொன்னதில்லை. நாங்களும் ஒழுங்காகக் கேட்டதில்லை.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். ஆறாவது மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். அதற்குள் இரண்டு சாதனைகள் செய்திருந்தேன். ஒருமுறை சாக்கடையைச் சாலை என்று பதிந்து கொடுத்தேன். இன்னொரு முறை பக்கத்து நிலத்தையும் சேர்த்துச் சுற்றிவிட்டு, மூன்று ஏக்கர்காரரை எட்டு ஏக்கருக்கு அதிபதியாக்கினேன். அவர் சந்தோஷமாகத்தான் இருந்தார். பாஸ்தான் இன்னொரு தவறு நடந்தால் அன்றே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

இந்த நிலைமையில் ஒரு நாள் ஸ்டோர் கேபிளைத் தோட்டத்து வாய்க்காலில் தொலைத்துவிட்டேன். பாஸிடம் மாட்டுவதைவிட அக்காவிடம் மாட்டுவதுதான் எனக்குப் பெரிய பயம். அன்று சாயங்காலமே பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் அதே மாதிரி தடிமனாக, கறுப்பாக ஒரு கேபிள் வாங்கினேன். கயிறு வேண்டுமே? என் மணிக்கட்டில் மாரியம்மன் கோயில் கயிறு இருந்தது. அதைக் கத்தரித்து, கேபிளில் கட்டி, அம்மனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். கட்டி முடித்துப் பார்த்தால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அவ்வளவு பெருமையாக இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. முன்னாள் தோட்டத் தொழிலாளர்களின் பதினோரு குடும்பங்களுடைய நிலங்களை நான் ஒரே நாளில் சுற்றி முடிக்க வேண்டும். திங்கட்கிழமை வரைபடம் ஆலைக்குப் போயாக வேண்டும். முதல் நிலத்தில் இறங்கியதும் பவர்பேங்கைச் சட்டைப்பையில் போட்டு, என் கைவண்ணக் கேபிளைச் சொருகினேன். திரையில் நிலப்படம் மறைந்து, ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும் அதற்கு ஒரு ஒயரும் படமாக வந்தன. கருவி வயிறாரச் சாப்பிடுகிறது, அதைத்தான் இப்படிக் காட்டுகிறது என்று முடிவு கட்டினேன். அட்டைக் கடி, முள் கீறல், ஒரு சேவலின் துரத்தல் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு பதினோரு நிலத்தையும் நடந்து முடித்தேன்.

ஆபீசில் கருவியைத் திறந்து பார்த்தால் பெரிய சாலையிலிருந்து முதல் நிலத்தின் வேலி வரைக்கும் ஒரு சின்னக் கோடு இருந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

பாஸ் எழுந்து வந்தார். பின்னாலேயே அக்காவும் வந்தார். கருவி எப்படி நின்றுபோனது, சார்ஜ் இல்லையா என்று பாஸ் கேட்டார். அக்கா பொறுப்பெடுத்த ஏழு வருடத்தில் அந்த ஸ்டோரைப் பார்த்து யாரும் கேட்காத கேள்வி அது. அக்கா என் கையிலிருந்து கேபிளை வாங்கிக் கருவியில் குத்தினார். குட்டிக் கம்ப்யூட்டர் வந்தது. கேபிளில் இருந்த கயிற்றைப் பார்த்தார். என் மணிக்கட்டைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"தப்பு என்னோடதுதான் பாஸ். தப்பான கேபிள குடுத்துட்டேன்" என்றார்.

பாஸுக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. நாளைக்கே மறுபடி நடந்து முடிக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து ஸ்டோரை வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்று அக்காவிடம் சொன்னார். அக்கா துப்பட்டா முனையில் முடிந்து வைத்திருந்த ஸ்டோர் சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். அந்தச் சாவியை அவர் கையை விட்டு அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு கோழையாக இருந்தேன் என்பதை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை ஆபீஸ் வாசலில் குடையும் கைப்பையுமாக அக்கா நின்றார். கருவியைத் தனியாக என்னிடம் விட மனசில்லையாம். அவர் வாழ்க்கையில் முதல்முறையாகச் செம்பனைக்குள் இறங்கினார். சேறு தெறிக்கும்போதெல்லாம் தன் செருப்பைப் பார்க்காமல் கருவியைத் துடைத்தார். இந்த முறை அவருடைய கேபிள். கோடு அழகாக நீண்டுகொண்டே வந்தது.

ஆறு நிலம் முடிந்ததும் ஒரு மர நிழலில் உட்கார்ந்தோம். புளிச்சோறும் நெத்திலி சம்பலும் கொண்டுவந்திருந்தார். முதல் கவளத்தைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாய்க்கால், பாசார் மாலாம், கயிறு, ஒன்று விடாமல் சொன்னேன்.

"தெரியும் தம்பி. நேத்து உன் கை வெறுமையா இருந்துச்சு" என்றார்.

"அப்பறம் ஏங்க்கா தப்ப நீங்க ஏத்துக்கிட்டீங்க?"

"எனக்குச் சாவிதான் போகும். உனக்கு வேலையே போயிருக்கும்லா. சாப்புடு."

அப்புறம் கைப்பையிலிருந்து என் கேபிளை எடுத்தார். பழம் வெட்டும் சின்னக் கத்தியால் நடுவில் தோலைக் கீறினார். உள்ளே நான்கு ஒயர் இருந்தன.

"இந்தச் செவப்பும் கறுப்பும் சோறு கொண்டு வருது. இந்த வெள்ளையும் பச்சையும் கதை பேசுது. கதை பேச ஆளு வந்துட்டா இவன் எங்கயோ கம்ப்யூட்டர் கெடைச்சிருச்சுன்னு நெனச்சிக்கிட்டு நடக்கறத எழுதாம உக்காந்துருவான். அதான் ஸ்டோர் கேபிள் எல்லாத்துலயும் கதை பேசறத வெட்டிட்டு, வெட்டினதுக்கு அடையாளமா கயிறு கட்டி வச்சேன்."

வெள்ளையையும் பச்சையையும் நறுக்கென்று வெட்டி, டேப் சுற்றி, கருவியில் குத்தினார். குட்டிக் கம்ப்யூட்டரைக் காணவில்லை. நிலப்படம் அப்படியே நின்றது. ஐந்து மாதமாக நாங்கள் மூடநம்பிக்கை என்று சிரித்தது இதைப் பார்த்துத்தான். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க சாமியத்தானே கேட்டீங்க, ஒயர கேக்கலயே" என்றார்.

மிச்ச ஐந்து நிலத்தையும் முடித்துவிட்டுத் திரும்பினோம். பாஸிடம் வாயைத் திறக்கக்கூடாது என்று பஸ் நிற்கும் இடத்தில் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை நான் ஆபீசுக்குள் நுழைந்தபோது கலவரமாக இருந்தது. கம்ப்யூட்டரில் படம் வரைபவரிடம் ஸ்டோர் சாவியைக் கொடுத்திருந்தார்கள். அவர் சுத்தக்காரர். மைலோ டின்னைத் திறந்து பார்த்திருக்கிறார். கூழாங்கல் இருந்ததும் குப்பையில் போட்டுவிட்டார். சண்டி மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தான். மற்ற ஆறில் மூன்றைப் பிளக்கில் குத்திவிட்டு சுவிட்சைப் போட மறந்திருந்தார். வெளியே போக வேண்டியவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். அக்கா ஒரு மூலையில் கோப்புகளுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

நான் நேராக பாஸ் மேசைக்குப் போனேன். எல்லாரும் கேட்கும்படி, கேபிளைத் தொலைத்தது நான், போலிக் கயிறு கட்டியது நான், அக்காவுக்கு இதில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகத் தயாராகப் பையை மாட்டிக்கொண்டேன். பாஸ் என்னை முறைத்தார். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். சண்டியைப் பார்த்தார்.

"பைய கழட்டி வை. உன்ன இன்னும் மூணு மாசம் பார்ப்போம்" என்றார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு தானே எழுந்து மூலைக்குப் போனார். "அக்கா, கோவத்துல பேசிட்டேன். வந்து பாருங்க" என்றார்.

அக்கா சாவியை வாங்கித் துப்பட்டாவில் முடிந்துகொண்டு, முதல் வேலையாகக் குப்பைத்தொட்டியில் கையை விட்டு டின்னை எடுத்தார். அரை மணி நேரத்தில் சண்டி சாப்பிட ஆரம்பித்தான். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று என்னோடு மட்டும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் என் மேசையில் ஒரு பொட்டலம் புளிச்சோறு இருந்தது.

மூன்று மாதம் கழித்து எனக்கு வேலை நிரந்தரமானது. அதை நம்பித்தான் பெண்ணும் கொடுத்தார்கள். மலாக்காவில் கல்யாணம். நான் ஒற்றைப் பிள்ளை. முதல் முடிச்சை நான் போட்டதும், மற்ற முடிச்சுகளைப் போட மாப்பிள்ளையின் அக்கா தங்கை யாராவது வரலாம் என்று ஐயர் கூப்பிட்டார். பெரியம்மா மகள் ஒருத்தி எழுந்தாள். நான் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். சார்ஜர் அக்கா பட்டுப் புடவையில் உட்கார்ந்துகொண்டு, வீடியோக்காரரிடம் பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று சைகையில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, வாங்க" என்றேன்.

பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை என்றார்களே, இது யார் என்று என் காதருகே கேட்டார். அக்கா அதற்குள் மணமேடை ஏறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் மனைவிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"எங்க அக்காதான்" என்றேன்.