சிம்னி சாமியின் இங்கிலீஷ் பண்ணைவீடு

பனியே விழாத திருவனந்தபுரத்தில் பனிக்குப் பயந்து வீடு கட்டிய ஒரே மனிதர் சிம்னி சாமிதான்.

மராமத்து ஆபீஸில் அவர் வரைபடப் பிரிவின் தலைவர். நான் அவருக்குக் கீழே. கிழக்கேகோட்டை அக்கிரகாரத்தில் அவருக்கு அடுத்த வீடு. சீமைக்குத் திரும்பிய எஸ்டேட் துரை ஒருவர், பழைய இங்கிலீஷ் பண்ணைவீடுகளின் படப்புத்தகத்தை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றோடு சாமி கெட்டார். பதினாலடி அகல மனையில் பண்ணைவீடு எழுந்தது. பனி தங்காமல் சறுக்கி விழ, கூரை அத்தனை செங்குத்து. ஓடு வேய்ந்த ஆசாரி இரண்டு தடவை எங்கள் முற்றத்தில் வந்து இறங்கினார்.

பனி எங்கே என்று தெருவே கேட்டது. "வந்தப்பறமா கூரையைச் சரிக்க முடியும்?" என்றார் சாமி.

மனிதரும் மாடும் ஒரே கூரையின் கீழ், நடுவே ஒரு நடை என்று புத்தகத்தில் இருந்தது. எங்கள் தெருவிலும் மாடு வாசல்வழியே நுழைந்து, கூடத்தைத் தாண்டித்தான் கொல்லைக்குப் போகும். சாமி நெகிழ்ந்துபோனார். "நம்ம தெருவுக்கு வந்து பாத்திருக்கான் அம்பி, படவா."

கடைசியாக, அடுப்புக்கு மேலே ஆளுயரத்தில் மூன்று மடங்கு சிம்னி. அதன் கரி என் கல்யாண வேஷ்டியில் விழுந்தது. மூன்று புள்ளி. அதற்காக நான் பெயரில்லாமல் எங்கள் ஆபீஸுக்கே ஒரு மனு எழுதினேன்: அந்தப் புகைக்குழாய் கோயில் கோபுரத்தோடு போட்டி போடுகிறது என்று. வெட்கம்கெட்ட பொய். மேலதிகாரி நம்பினார். சிம்னியை இடித்தார்கள்.

அந்த மழைக்காலம் முழுக்கச் சுவருக்கு அப்பால் சாமி வீட்டு மாமி மூச்சிரைப்பது எனக்குக் கேட்டது.

ஒருநாள் சாமி மனுவின் நகலோடு வந்தார். "எவனோ நன்னா எழுதியிருக்கான், கேட்டியோ. ஒரு கமா தப்பில்லை. இதுக்கு எதிரா எழுத நீதான் ஒத்தாசை பண்ணணும்."

"சிம்னி இல்லாட்டா என்ன, மாமா?"

"அவளுக்கு இழுப்பு. புகை ஆகாது. சிம்னி அதுக்காக்கும். பாக்கியெல்லாம் படத்தில இருந்தது, போட்டேன்."

என் மனுவை நானே மூன்று பக்கப் பதில் மனுவில் கிழித்தேன். சிம்னி திரும்ப எழுந்தது. முதல் மனுவை எழுதியதும் நான்தான் என்று சொல்ல நாலைந்து முறை அவர் வீட்டுப் படியேறினேன். ஒவ்வொரு முறையும் மாமி காப்பி கொடுத்தாள், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

தெருவில் தன் பக்கம் நின்ற ஒரே ஆள் நான்தான் என்று சாமி சாகும்வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக அந்த ஆளாக இருக்கத்தான் பார்க்கிறேன்.