பூவராகவனின் இறால் குளம்

வீசிய வலையில் ஒரு கொத்துப் பாசிதான் வந்தது. இறால் ஒன்றுகூட இல்லை. பூவராகவன் மறுபடி வீசினார். இந்தத் தடவை பாசியும் வரவில்லை.

நாளைக் காலை மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி சடையப்பன் ஜீப்பில் வருகிறார். பழவேற்காடு ஏரிக்கரையில் குளம் வெட்டி இறால் வளர்க்க முடியுமா என்று பார்க்க, அறுபத்தொன்பதிலிருந்து மூன்று வருஷமாக அரசாங்கம் பணம் கொடுத்துவருகிறது. குளத்தைப் பார்த்துவிட்டுத்தான் இனி மானியம் உண்டா இல்லையா என்று சொல்வார். இல்லையென்றால் தற்காலிக ஊழியர் பூவராகவனுக்கு வேலையும் இல்லை.

இதற்கு முன்பும் இறால் காணாமல் போயிருக்கிறது. இரண்டொரு நாளில் தானாகவே திரும்பிவிடும். ஆராய்ச்சி என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவரும் விட்டுவிடுவார். இப்போது விட முடியாது.

யோசனை கேட்க ஆள் இல்லை. குளக்கரை ஆராய்ச்சி நிலையத்தில் அதிகாரி, குமாஸ்தா, காவல்காரர் எல்லாமே அவர்தான். பக்கத்துக் குப்பத்து ஜனங்களோ அவர் தலையைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டுக் கலைந்துபோவார்கள். மாதாந்திர அறிக்கையைக் கரையில் நிற்கும் ஒற்றைக் கொக்குக்குத்தான் வாசித்துக்காட்டுவார். தனியாகப் படுக்கப் பயந்து, அரசாங்க மண்ணெண்ணெயில் வாசல் விளக்கை விடிய விடிய எரியவிடுவார். பாவம், கல்யாணமும் ஆகாத மனிதர்.

தலையில் இறால் கூடையோடு போய்க்கொண்டிருந்த குப்பத்து மீன்காரி குப்பாயியைக் கூப்பிட்டார்.

"ஒரு கூடை இறா வேணும் குப்பாயி. உயிரோட."

"இன்னாத்துக்கு சார்? நீதான் கவுச்சி தொட மாட்டியே!"

சுத்த சைவத்தைத் தேடிப் பிடித்து இறாலுக்குக் காவல் போட்டிருந்தது அரசாங்கம்.

"கொழம்பு வைக்க."

"அதுக்கு உயிரோட வோணுமா?"

"ஃப்ரெஷ்ஷா இருக்கணும் இல்ல?"

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கூடையோடு கொடுத்துவிட்டுப் போனாள். பொழுது சாய்ந்ததும் பூவராகவன் அதைக் குளத்தில் கவிழ்த்தார்.

காலையில் ஜீப் வந்து நின்றது. கூடவே சட்டியோடு குப்பாயியும் வந்து நின்றாள்.

"உனுக்கு இறா ஆயத் தெரியாதேன்னு நானே கொழம்பு வச்சி எட்டாந்தேன் சார்!"

சடையப்பனின் மூக்கு விடைத்தது. "என்ன மிஸ்டர், ஆராய்ச்சி இறாலையா சமைக்கிறீங்க?"

"ஐயோ, இது வெளி இறால் சார்."

"குளத்துல இருக்கறப்போ வெளியில எதுக்கு வாங்கறீங்க?"

"நான் சைவம் சார்."

"சைவத்துக்கு இறால் குழம்பா?"

பூவராகவன் வாயைத் திறக்கத் திறக்க வம்புதான் வளர்ந்தது. சடையப்பன் நேராகக் குளத்துக்கு நடந்தார். "வலையைப் போடுங்க, பார்க்கலாம்."

போட்டார். இழுக்க முடியவில்லை. ஜீப் டிரைவரும் வந்து கைகொடுத்தார். கரையில் கொட்டியதும் இறால் குவியலாகத் துள்ளியது. தான் போட்டது ஒரு கூடைதானே என்று பூவராகவன் கொக்கைப் பார்த்தார். அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"பிரமாதம்! இப்படி ஒரு விளைச்சலை நான் எங்கேயும் பார்க்கலை. ஆராய்ச்சி வெற்றி!"

"அப்போ மானியம் தொடருமா சார்?"

"எதுக்கு? கண்டுபிடிச்சாச்சே! கண்டுபிடிச்ச அப்புறம் தேடறதுக்கு யார் பணம் கொடுப்பா? மாசக் கடைசியில இதை மூடிடலாம். உங்களுக்கு மெட்ராஸ் ஆபீஸ்ல நிரந்தர வேலை. அங்கே பேச்சுத் துணைக்குப் பஞ்சமே இல்லை."

ஜீப் புழுதி கிளப்பிப் போனது. பூவராகவனுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"நான் மெட்ராஸ் போறேன் குப்பாயி! நிலையத்தை மூடறாங்க. இங்கே எனக்குன்னு யார் இருக்கா, சொல்லு?"

குப்பாயி குளத்து வரப்பில் ஈரத்தோடு கவிழ்ந்து கிடந்த தன் கூடையைப் பார்த்தாள். சட்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

"இறா செத்துப்போனா உன்ன அனுப்பிடுவாங்களேன்னு, நீ பாக்காதப்போ மூணு வருசமா நாங்கதானே சார் கொண்டாந்து கொட்டிகினு கீறோம், ராவுல உன் வெளக்கப் பாத்துதானே எங்க தோணிங்க கரைக்கு வருது... பெரியவரு வராருன்னு நேத்து கொஞ்சம் ஜாஸ்தியா வேற கொட்டிட்டோம், நீயுமா சார் போட்ட?"