கடைசிப் பெட்டியின் கேள்வி டாக்டர்

ஊசி போடாமல், மாத்திரை எழுதாமல், ஒருவருடைய நாடியைக்கூடத் தொடாமல், ஓடும் ரயிலின் ஒரு பெட்டி முழுவதையும் தன் நோயாளிகளாக்கிக்கொண்ட மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவரும் தான் மருத்துவரே இல்லை என்று நாள்தோறும் சாதித்துக்கொண்டிருந்தார்.

விழுப்புரத்தில் முதுகலை இலக்கியம் படிப்பதற்காக நான் திண்டிவனத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் போய்வந்த காலம் அது. அவரும் அதே வண்டியில், அதே கடைசிப் பெட்டியில், ஜன்னலோரத்தில் இருப்பார். பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு உண்டு. எங்கள் பெட்டியில் அது செல்லுபடியாகவில்லை. அங்கே அவர் கேள்வி டாக்டர்.

கிர்கிஸ்தானில் ஆறு ஆண்டுகள் மருத்துவம் படித்துத் திரும்பியவர். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே ஒரு தகுதித் தேர்வில் வென்று, அதன்பின் பயிற்சியும் முடித்தால்தான் வைத்தியம் பார்க்கலாம். ஒருமுறை எழுதித் தவறியிருந்தார். மறுபடி எழுதுவதற்காக விழுப்புரம் நூலகத்துக்குப் படிக்கப் போய்க்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து படிக்க வழியில்லை. காலில் முள் குத்தியவர் முதல் கன்றுக்குட்டிக்குக் கழிச்சல் கண்டவர் வரை தெருவே அவர் வாசலில் நின்றது. அவர் விமானம் ஏறிய அன்றே அவருடைய அம்மா ‘டாக்டர்’ என்று பெரிய எழுத்தில் பெயர்ப்பலகை எழுதிவாங்கி வைத்துவிட்டதும் அதற்கு ஒரு காரணம். திரும்பி வந்த மகன் முதல் வேலையாக அந்த ஒரு சொல்லின் மீது செய்தித்தாளை ஒட்டிப் பலகையைப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டார். இன்னும் ஆகாத ஒன்று எழுத்தில் இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

பனி நாட்டிலிருந்து அவர் கொண்டுவந்த ஒரே சொத்து, முழங்காலுக்குக் கீழே தொங்கும் கறுப்புக் கோட்டு. கத்திரி வெயிலிலும் அது கூடவே வரும். மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருவார். வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, வேகவைத்து விற்கும் அஞ்சலை அக்கா ஏறினால் எழுந்து, அதை அவருடைய கூடைக்கு அடியில் விரித்துக்கொடுப்பார்.

“மைனஸ் இருவது தாங்கின கோட்டு அக்கா இது.”

“எம்மாந்தூரம் வந்து எங்கூடைக்கு மெத்தையாவுது பாரு! அதுக்கும் ஒரு தலையெழுத்து இருக்குதுப்பா” என்பார் அக்கா.

கேள்விகள் தொடங்கியது ஹெட்கிளார்க்கின் தலைவலியில். விழுப்புரத்தில் ஏதோ அரசு அலுவலகத்தில் பணியாற்றிய அவர், வண்டி திண்டிவனத்தை விட்டு நகர்ந்ததும் எதிரே வந்து அமர்ந்தார்.

“தம்பி, நாலு நாளா ஒரே தலவலி. பேஜாரா போச்சு. இன்னா மாத்திர போடலாம்?”

“நான் இன்னும் டாக்டர் இல்லீங்க சார். மாத்திர சொல்ல மாட்டேன். வேணும்னா கேள்வி கேக்கறேன்.”

“கேள்வி கேட்டா வலி போயிடுமா?”

“போவாது. ஆனா டாக்டருக்கு ஒதவும்.”

மயிலத்தில் தொடங்கிய விசாரணை பேரணி ஸ்டேஷனைக் கடந்தும் முடியவில்லை. வலி எங்கே, எப்போதிருந்து, எப்படி, எங்கே பரவுகிறது, எதனால் கூடுகிறது, எதனால் தணிகிறது, கூடவே வேறென்ன? ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் கிளைகள்.

“நீ டாக்டரா, போலீசா?” என்று ஹெட்கிளார்க் வியர்த்தார்.

“நாலு நாளைக்கு முன்னாடி எதுனா மாறிச்சா சார்?”

“ஒண்ணும் மாறலப்பா.” வியர்வையைத் துடைக்க அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“கண்ணாடி புதுசுங்களா?”

“என்னுது ஒடஞ்சிபோச்சி. இது வீட்டுக்காரம்மாவுது.”

பெட்டியே சிரித்தது. கேள்வி டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த விடையையும் எழுதி, தாளை நான்காக மடித்துக்கொடுத்து, “கண் ஆஸ்பத்திரில இத காட்டுங்க சார்” என்றார். 

அன்றிலிருந்து பெட்டியில் எல்லோருக்கும் ஏதாவது வலித்தது. இல்லாதவர்கள் கேள்விக்காகவே ஒன்றைத் தேடிக்கொண்டார்கள். தாளோடு மருத்துவமனைக்குப் போனவர்கள், அங்கே தங்களுக்கு இருக்கும் மதிப்பு கூடிவிட்டதாகச் சொன்னார்கள்.

அவருக்கு வேறொரு கவலை இருந்தது. ஆறு ஆண்டுகள் அந்நாட்டு மொழியில் வலியை விசாரித்துப் பழகியவருக்கு, சொந்த ஊர் வலிகளின் பெயர்கள் பிடிபடவில்லை. நான் இலக்கியம் படிப்பதை அறிந்ததும் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்.

“குடைச்சலுக்கும் கடுப்புக்கும் இன்னா வித்தியாசங்க?”

இரண்டு நாள் யோசித்து, குடைச்சல் எலும்புக்குள்ளிருந்து வருவது, கடுப்பு உழைத்த தசையில் தங்குவது என்று எழுதிக்கொடுத்தேன். அதற்கு அவர் காட்டிய மரியாதையை என் பேராசிரியர்கள்கூட என் கட்டுரைகளுக்குக் காட்டியதில்லை.

அவரிடம் விடை சொல்லாத ஒரே பயணி நான். ஒருநாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“இன்னா பண்ணுது?”

“ஒன்றுமில்லை.”

கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டார்.

“ஒன்றுமில்லைங்க.”

தாளை எடுத்து, ‘ஒன்றுமில்லை, இரண்டு முறை’ என்று எழுதினார். “ஒண்ணுமில்லன்னு ரெண்டு வாட்டி சொல்றவங்களத்தான் மூணாவது வாட்டி கேக்கணும். அங்க வார்டுல ஒரு வயசான நர்ஸம்மா சொல்லிக்குடுத்தது” என்றார். ஆனால் விழுப்புரம் வந்துவிட்டது. நான் இறங்கிவிட்டேன்.

கிளியனூரில் அவருடைய தாய்மாமா மருந்துக்கடை வைத்திருந்தார். “படிச்சதெல்லாம் மண்டையில இருக்குது இல்ல? உள்ளார ரூம்ல உக்காந்து ஊசி போட்டுக்கினு இரு மாப்ள. எவன் வந்து கேக்கப்போறான்?” என்று அவர் அழைத்துக்கொண்டே இருந்தார்.

“நானே கேப்பேன் மாமா” என்று மறுத்ததாகக் கேள்வி டாக்டரே எங்களிடம் சொன்னார். ஆனால் வீட்டுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். இந்தமுறையும் தேர்வில் தவறினால் மருத்துவத்தை மறந்துவிட்டு, அதே கடையில் மருந்துப் பெட்டிகளை எடுத்துக்கொடுக்கும் வேலைக்குப் போய்விடுவார். ஊசி கிடையாது, கேள்வியும் கிடையாது.

தேர்வு முடிவு வந்த வாரம் ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தது.

“தம்பிக்கு இந்த வாட்டியும் ஆவலியாம்” என்றார் அஞ்சலை அக்கா. அடியில் விரிக்கக் கோட்டு இல்லாததால் கூடையை அவர் மடியிலேயே வைத்திருந்தார். அன்று பெட்டியில் யாருக்கும் எங்கும் வலிக்கவில்லை.

மூன்று வாரம் அப்படியே போனது. பிறகு ஒரு திங்கட்கிழமை, வண்டி மயிலத்தைத் தாண்டியதும் அஞ்சலை அக்கா கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சாய்ந்தார்.

“கேஸுதான். எறங்கி ஒரு சோடா குடிச்சா சரியாப்பூடும்.”

“எங்க வலிக்குது?” என்றார் ஹெட்கிளார்க். அவர் குரல் தானாகவே கேள்வி டாக்டரின் குரலாக மாறியிருந்தது.

“நெஞ்சுலதான்.”

“எப்பலேர்ந்து?” என்றது மேல் பலகையிலிருந்து ஒரு குரல்.

“காலைல கூடை தூக்கச்சொல்லோ.”

“குத்துதா, எரியுதா, அமுக்குதா?” என்றார் பக்கத்திலிருந்த பூக்காரம்மா.

“அமுக்குது. மேல ஆளு குந்திக்கினு இருக்கறாப்பல.”

ஆளுக்கொன்றாகக் கேட்டார்கள். அழகான கையெழுத்து என்று என்னிடம் தாளைத் தந்திருந்தார்கள். வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவள், நான்காவது கேள்விக்குரிய இடம் வெறுமையாக இருப்பதைக் கண்டேன். அதை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் ஐந்தாவதில் இருந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அந்தப் பெட்டியில் நான் உரக்கப் பேசியதே இல்லை.

“எங்க பரவுதுக்கா?” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார்.

“தோள்பட்டைக்குப் போவுது பாப்பா. அப்பறம் எடது கை, வெரல் வரைக்கும். தாடைகூட.”

அதற்குமேல் யாரும் சோடாவைப் பற்றிப் பேசவில்லை. முண்டியம்பாக்கத்தில் அக்காவைத் தூக்காத குறையாக இறக்கி, ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். தாளை வாங்கிய பணி மருத்துவர் நின்றபடியே படித்தார். படித்து முடிக்குமுன்பே அக்காவை உள்ளே கொண்டுபோகச் சொல்லிவிட்டார். மாரடைப்பு. நேரத்தில் வந்துவிட்டதாகப் பிறகு சொன்னார்.

“இத எழுதுனது யாரு?”

“நாங்கதாங்க” என்றார் ஹெட்கிளார்க். “கடைசிப் பெட்டி.”

மறுநாளே அந்தத் தாளின் நகலோடு ஹெட்கிளார்க்கும் நானும் கிளியனூருக்குப் போனோம். கேள்வி டாக்டர் கல்லாவுக்கு அருகில் இருமல் மருந்து அடுக்கிக்கொண்டிருந்தார். கோட்டு ஆணியில் தொங்கியது. ஹெட்கிளார்க் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்து, பாராட்டுக்காகக் காத்திருந்தார். கேள்வி டாக்டரோ தாளை இருமுறை படித்துவிட்டு, விடைத்தாள் திருத்துபவரைப் போல நிமிர்ந்தார்.

“எல்லாம் சரி. சுகர் இருக்குதான்னு யாருமே கேக்கலியா?”

ஹெட்கிளார்க்குக்குக் கோபம் வந்துவிட்டது.

“நீ ஏழு கேள்விதான தம்பி சொல்லிக்குடுத்த? எட்டாவது சொல்லிக்குடுக்கறதுக்குள்ள இங்க வந்து குந்திக்கினியே!”

கேள்வி டாக்டர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாமா எங்களை முறைத்தபடி விக்ஸ் மிட்டாய் இரண்டு கொடுத்து அனுப்பிவைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை ஜன்னலோரத்தில் கோட்டு மடித்துப் போடப்பட்டிருந்தது. அதன்மேல் அவர் இருந்தார். “சுகர்தான் எட்டாவது” என்றார், வணக்கம் சொல்வதற்கு முன்பாகவே. வீட்டுக்குக் கொடுத்த வாக்கை இன்னொரு தேர்வு வரை தள்ளிவைத்துவிட்டு அதே வண்டியில் போய்ப் படித்தார், அடுத்தமுறை வென்றார், பயிற்சியையும் முடித்தார்.

இப்போது திண்டிவனத்தில் சிறிய மருத்துவமனை வைத்திருக்கிறார். வாசலில் அம்மாவின் பழைய பலகை. செய்தித்தாளைச் சுரண்டி எடுத்தும் பசை முழுவதும் விடவில்லை. ‘டாக்டர்’ என்ற சொல்லின் மீது கன்னி ராசிக்கான பலன் பாதி ஒட்டியிருக்கிறது. உள்ளே கேள்விகள் பன்னிரண்டாக வளர்ந்துவிட்டன. ஆகவே வரிசை தெருமுனை வரை நிற்கிறது. “அமாவாச அன்னிக்கு மேல்மலையனூர்லகூட ஜல்தியா தரிசனம் ஆயிடும், இவுராண்ட ஆவாது” என்று அலுத்துக்கொள்கிறார் அஞ்சலை அக்கா. வரிசையில் நிற்பவர்களிடம் மல்லாட்டை விற்பது அவர்தான். உப்பு மட்டும் முன்பைவிடக் குறைவு.

போன வாரம் நானும் அந்த வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன்.

“இன்னா பண்ணுது?”

“ஒன்றுமில்லை.”

பேனாவை எடுத்தார். மறுபடி கேட்டார். மறுபடியும் ஒன்றுமில்லை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வெளியே நிற்கும் அத்தனை பேரையும் மறந்தவர்போல, மூன்றாவது முறையாகவும் கேட்டார்.

எனக்கு உண்மையிலேயே ஒன்றுமில்லை. அவர் கேட்பதைக் கேட்டுவரத்தான் போயிருந்தேன்.