அப்பா படம் எங்கும் போகவில்லை, பெரியப்பா

கிள்ளான்,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய பெரியப்பா வேலாயுதம் அவர்களுக்கு,

உங்கள் தம்பி கமலநாதனின் மகள் புனிதா வணங்கி எழுதுவது. இங்கே நாங்கள் நால்வரும் நலம். காஜாங்கில் நீங்களும் பெரியம்மாவும் நலமாகவே இருப்பீர்கள். நேற்று நீங்கள் அனுப்பிய குரல் பதிவு நான்கு நிமிடம் பதினோரு வினாடி மூச்சு வாங்காமல் ஓடியதால், உங்கள் நுரையீரலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பதில் சொல்லக் கூப்பிட்டால் எடுப்பதில்லை, செய்தி அனுப்பினால் போய்ச் சேருவதில்லை. ஆகவே தபால்தலை ஒட்டி எழுதுகிறேன்.

வரும் ஞாயிறு அப்பாவின் நான்காவது திதி. அதற்குள் அவர் படத்தைக் காஜாங்கில் ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்களே வந்து கழற்றிக்கொண்டு போவீர்கள் என்று சொன்னீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தரமாட்டேன்.

உங்கள் கோபத்துக்குக் காரணம் கைப்பேசியில் சுற்றிய ஒரு புகைப்படம். அதில் அப்பாவின் படமும், ஸ்டானிஸ்லாஸ் அங்கிளின் காலமான மனைவி உர்சுலா ஆன்டியின் படமும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே மல்லிகை மாலைக்குள் இருந்தன. “என் தம்பிக்குச் செத்தப்புறம் ரெண்டாங் கல்யாணமா?” என்று கேட்டீர்கள். இல்லை பெரியப்பா. நடந்தது சினிமா.

மார்ச் மாதம் அம்மா அங்கிளைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதும், அதற்கு நீங்கள் வராததும் பழைய கதை. வராததால் இந்த வீட்டை நீங்கள் பார்த்ததில்லை. இரண்டு குடும்பச் சாமான்களும் ஒன்றாக வந்து இறங்கியதால் இங்கே இரண்டு பிரிட்ஜ், இரண்டு கேஸ் அடுப்பு, யாரும் உட்காராத இரண்டு சோபா செட். கூடத்தில் ஒரு சுவரில் முருகன், பக்கத்தில் அப்பா. எதிர்ச்சுவரில் மாதா, பக்கத்தில் உர்சுலா ஆன்டி. இருவரும் நாள் முழுக்க ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பது ஆரம்பத்தில் எனக்கே சங்கடமாக இருந்தது. அங்கிளின் மகன் டேரனுக்குப் பதினேழு வயது. அவன் கூட்டாளியின் அண்ணன் யுகேந்திரன் பேய்ப்படம் எடுக்கிறார். மனைவியை இழந்தவரும் கணவனை இழந்தவரும் கல்யாணம் செய்து, பிள்ளைகளோடு புது வீட்டுக்குக் குடிபோகிறார்கள், செத்துப்போன முதல் மனைவி அவர்களை நிம்மதியாக இருக்க விடுவதில்லை. வீட்டை ஆறு நாள் கொடுங்கள் என்று கேட்டார். அங்கிளுக்கு யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. அம்மா யோசித்துச் சொல்வதற்குள் வாசலில் லோரி நின்றது.

முதல் நாளே யுகேந்திரன் என்னிடம் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். “அக்கா, எனக்கு நெசமான ஃபீலிங் வேணும். அங்கிளப் பாத்தா ஒங்களுக்கு எப்படிக் கோவம் வரும்?”

“வராது.”

“கொஞ்சம்கூடவா?”

“பாத்ரூம் கதவச் சாத்தாம போனா வரும்.”

முகம் வாடிப்போனார், ஆனாலும் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் பேயை விரட்டும் காட்சி. கதையில் செத்த மனைவி வேதக்காரி என்பதால் பூசாரி சொன்னால் கேட்பாரா, பாதிரியார்தான் வரவேண்டுமா என்று படக்குழுவில் ஒரே விவாதம். அங்கிள் டீயை வைத்துவிட்டு எழுந்தார். “தம்பி, எங்க உர்சுலா பேயா வர்ற ஆளே இல்ல. கார்டு அடிச்சுக் கூப்பிட்டாலே கல்யாண வீட்டுக்குப் போகமாட்டா. கூப்பிடாத எடத்துக்கு வருவாளா?” அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னார்: “என் வீட்டுக்காரரு உயிரோட இருந்தப்பவே எட்டு மணிக்கு மேல முழிச்சிருந்ததில்ல. செத்தப்புறம் நைட் ஷிப்ட் பாக்கவா போறாரு?” இப்போதைய வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஆன்டி, நீங்க இப்படியே பேசுனா எங்க பேயே ஓடிரும் லா” என்று யுகேந்திரன் கும்பிட்டார்.

நான்காம் நாள்தான் அந்தப் புகைப்படம். படக்குழுவில் அலங்கார வேலை பார்க்கும் ரிஷிக்குக் கூடத்துச் சுவர்கள் வெறுமையாக வேண்டியிருந்தது. நல்ல வளர்ப்புள்ள பிள்ளை; காலமானவர்களின் படத்தைத் தரையில் வைக்க மனம் வரவில்லை. நம் வீடுகளில் போய்ச் சேர்ந்த கணவன் மனைவி படங்களைச் சேர்த்துத்தானே மாட்டுவோம்? அவரும் இவர்களை இந்த வீட்டுப் பெரியவர்கள், தம்பதி என்று முடிவுசெய்து, மாடிப்படிக்கு மேலே ஒன்றாக மாட்டி, கடைத்தெருவுக்குப் போய் நீளமான மாலை வாங்கி வந்து இருவருக்கும் சேர்த்துப் போட்டு, விளக்கேற்றி, ‘எங்கள் படப்பிடிப்பைக் காக்கும் தெய்வங்கள்’ என்று ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்.

பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்திலிருந்து ரயில் பிடித்து வந்த நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். நேராக மேலே போய்ப் பையில் துணிகளை எடுத்து வைத்தேன். ஆம் பெரியப்பா, படத்தை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று உங்களுக்கு முன்னால் எனக்குத்தான் தோன்றியது. பிரிக்பீல்ட்ஸில் என் தோழியின் அறையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. பையோடு இறங்கினால், டேரன் முக்காலி மேல் நின்று இரண்டு கைகளையும் நீட்டியபடி, எதையும் தொடாமல் இருக்கிறான்.

“அக்கா, நான் கழட்டவா? அங்கிள நான் தொடலாமா?”

தொடலாம் என்றேன். முக்காலி ஆடியதால் பையைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டேன். அப்பாவை இறக்கி என் கையில் கொடுத்தான். “அம்மாவயும் புடிங்க” என்று உர்சுலா ஆன்டியையும் கொடுத்தான். அப்போதுதான் அம்மாவும் அங்கிளும் பாசாரிலிருந்து காய்கறிப் பைகளோடு வந்தார்கள். அம்மா என் கையிலிருந்த படங்களையும் டேரன் கையிலிருந்த ஒற்றை மாலையையும் பார்த்து, “இது எப்ப நடந்துச்சு, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?” என்றார். அங்கிள் இரண்டு படங்களையும் பார்த்துவிட்டு, “பரவால்ல அமுதவள்ளி, அவங்களுக்கும் பேச்சுத் தொண வேணும்ல” என்றார். அம்மா சோபாவில் உட்கார்ந்து சிரித்தார். அப்பா போனதிலிருந்து அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. உட்கார ஆள் இல்லாத சோபாவிலும் அன்றுதான் ஆள் உட்கார்ந்தது.

ஆகவே பெரியப்பா, படங்கள் அன்றே அதனதன் சுவருக்குத் திரும்பிவிட்டன. அப்பாவின் படம் இந்த வீட்டைவிட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நான் இருக்கும்வரை நகராது. ஞாயிறு வாருங்கள். அப்பாவுக்குப் பிடித்த நண்டுக்கு அங்கிள் மீன்காரரிடம் இன்றே சொல்லி வைத்துவிட்டார். கற்பூரம் காட்ட மூத்தவர் நீங்கள் வேண்டும். வராவிட்டால் நான் காட்டுவேன், டேரன் மணியடிப்பான். திதி இந்தக் கூடத்தில் நடக்கும்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் வலி தீர முருகனையும், எதிர்ச்சுவரில் உள்ளவரையும் வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உங்கள் தம்பி மகள்,
புனிதா

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் கீழே இறங்கினேன். அப்பாவும் ஆன்டியும் இருந்த இடங்களில், சுவருக்கு ஒன்றாக இரண்டு ஆணிகள் மட்டும் இருக்கின்றன. மத்தியானம் படப்பிடிப்பு முடிந்து சாமான்களை ஏற்றிய ஆட்கள் இரண்டு படங்களையும் தங்களுடையது என்று எடுத்துப்போய்விட்டார்கள். இப்போது தெலுக் பங்லிமா காராங்கில் ஏதோ ஒரு கிடங்கில் இருக்கின்றன. “பயப்படாதீங்க அக்கா, ரெண்டு பேரயும் ஒரே போர்வையில சுத்திப் பத்திரமா வெச்சிருக்கோம்” என்கிறார் யுகேந்திரன். இதைத் தயவுசெய்து காஜாங்கில் யாரிடமும் சொல்ல வேண்டாம். கிடங்கை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்களாம். அங்கிள் காரைக் கிளப்பிவிட்டார், அம்மா முன்னால் உட்கார்ந்து அவரை ஏசிக்கொண்டிருக்கிறார், போகிற வழியில் இதைத் தபாலில் போட டேரன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். மேலே எழுதியதில் ஒரு வரியையும் நான் அடிக்கப்போவதில்லை. கடிதம் உங்களிடம் வந்து சேர மூன்று நாள் ஆகும். அதற்குள் நாங்கள் நால்வரும் சேர்ந்து அதை உண்மையாக்கிவிடுவோம்.