பதினேழு மதிப்பெண் ஆபத்து

குற்றம் நடந்தபின் ஓடுவது பழைய பழக்கம். இனி நடக்கப்போவதை ஆளின் நடத்தையிலேயே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று மேலிடம் திருவுளம் கொண்டது. காவல் நிலையத்துக்கு 'நடத்தை அறிகுறிப் படிவம்' வந்து இறங்கியது. இருபது கேள்வி, இருபது மதிப்பெண். பத்தைத் தாண்டினால் ஆபத்தானவர். அவர் வாசலில் காவலர் நிற்பார்.

மூன்று நாள் பயிற்சியில் இரண்டு நாள் தூங்கிய ஏட்டிடம்தான் படிவம் போய்ச் சேர்ந்தது. முதலில் வந்தவர் தையற்கடை அம்மா.

"கடையில கூட்டா இருந்தவன் மிரட்டுறான் ஐயா. கடையைக் கொளுத்திடுவேங்கிறான்."

"தூங்குறீங்களாம்மா?"

"எங்க தூங்குறது?"

"பூட்டை எத்தனை தடவை இழுத்துப் பாக்குறீங்க?"

"பத்து தடவையாவது."

"ஒரே ஆளையே நெனச்சுக்கிட்டு இருக்கீங்களா?"

"வேற யாரை நெனைக்கச் சொல்றீங்க?"

கூட்டிப் பார்த்தால் பதினேழு. ஏட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிரட்டியவனையும் வரவழைத்தார்கள். சலவைச் சட்டை, சிரித்த முகம், படுத்ததும் தூக்கம். பூஜ்யம்.

"சார், மிரட்டுறது அவன்தானே?" என்று ஏட்டு கேட்டார்.

"படிவத்துல அப்படி ஒரு கேள்வி இருக்காய்யா?" என்றார் ஆய்வாளர். இல்லைதான்.

ஆக, தையற்கடை வாசலில் காவல் போட்டார்கள். தலைகீழாக இருந்தாலும் காவல் காவல்தானே என்று ஏட்டு மனதுக்குள் மகிழ்ந்தார். அம்மா நிம்மதியாகத் தூங்கினார். விளைவு, ஒரு வாரம் கழித்து நடந்த மறுஆய்வில் மூன்றே மதிப்பெண். 'திருந்திவிட்டார், காவலை விலக்கலாம்' என்று ஆய்வாளர் பேனாவைத் திறந்தார்.

அம்மாவின் முகம் வெளுத்தது. "மேசையில ஓங்கி ஒண்ணு போடுங்கம்மா" என்று ஏட்டு அவர் காதில் முணுமுணுத்தார். போட்டார். தண்ணீர்க் குவளை பறந்தது. பதினெட்டு.

இந்த ரகசியம் தெருவில் பரவ எவ்வளவு நேரமாகும்? அடுத்த மறுஆய்வன்று காவல் நிலைய வாசலில் நீண்ட வரிசை. மளிகைக்காரர் பல்லைக் கடித்துப் பழகினார். பள்ளிக்கூட டீச்சர் சுவரை முறைத்தார். கூட்டத்தை அடக்கத் தையற்கடைக் காவலரையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். அம்மாவும் வரிசையில்தான் நின்றார்.

பூஜ்யம் வாங்கியவன் அந்த வழியாக வந்து வணக்கம் வைத்தான். கையில் ஒரு கேன். "எல்லாரும் இங்கதான் இருக்கீங்களா?" என்று சிரித்துவிட்டு நடையைக் கட்டினான்.

ஏட்டு படிவத்தைப் புரட்டினார். கேனைப் பற்றிக் கேள்வி இல்லை. படிவத்தை வீசிவிட்டு அவன் பின்னால் ஓடினார்.

ஆய்வாளர் நிதானமாகப் புதுப் படிவம் எடுத்தார். பதற்றம், ஓட்டம், ஒரே ஆளைக் குறிவைத்தல். ஏட்டுக்குப் பத்தொன்பது. நான்கு காவலர்கள் துரத்திப்போய்க் கடைத்தெரு முனையில் அவரைப் பிடித்துவிட்டார்கள்.

புகை எழுந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அலறினார். இருபதுக்கு இருபது.

அன்றே அவர் கடை வாசலுக்கு இரட்டைக் காவல் போட்டார்கள். வாசல் மட்டும்தான் மிச்சமிருந்தது.